கேம்களில் வரும் கடல் ராட்சசர்களை முதலில் தோண்டி எடுத்தது யார்? மேரி ஆனிங்கின் கதை

'ஆர்க்: சர்வைவல் எவால்வ்ட்' கேமை ஆடியவர்களுக்கு இந்த மூன்று பெயர்களும் பழக்கமானவை. கடலுக்குள் இறங்கினால் நீண்ட கழுத்தோடு துரத்தி வரும் பிளீசியோசர், டால்பின் மாதிரி வேகமாக நீந்தும் இக்தியோசரஸ், கூட்டமாகப் பறந்து வந்து கொத்தும் டைமார்ஃபோடான்.

'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' தொடரில் பசங்க மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆடுவார்களே, 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்', அதிலும் பிளீசியோசரஸ் உண்டு. 2014-ல் வந்த அதன் மான்ஸ்டர் புத்தகத்தில் அதற்கு 68 ஹிட் பாயிண்ட். ஒரு மணி நேரம் மூச்சை அடக்கிக்கொண்டு தண்ணீருக்குள் இருக்கும்.

இந்த மான்ஸ்டர்கள் யாரோ ஒரு கேம் டிசைனரின் கற்பனை கிடையாது. 200 வருஷத்துக்கு முன்னால் இங்கிலாந்தின் ஒரே கடற்கரையில் இருந்து வந்த எலும்புகள்தான் இந்த மூன்று விலங்குகளையும் உலகத்துக்குக் காட்டின. அவற்றைத் தோண்டி எடுத்தவரும் ஒரே ஆள்தான். பள்ளிப்படிப்பு அதிகம் இல்லாத, பல சமயம் வாடகைக்கே வழியில்லாத ஒரு பெண். பெயர் மேரி ஆனிங்.

விலங்குகளின் பெயர் உலகம் முழுக்கப் போனது. ஆனா அவர் பெயர் மட்டும் ஏன் பின்தங்கியது?

மின்னலில் தப்பிய குழந்தை

இங்கிலாந்தின் தெற்குக் கரையில், டோர்செட் பகுதியில் உள்ள சின்ன ஊர் லைம் ரீஜிஸ். 1799 மே 21-ம் தேதி அங்கே பிறந்தார் மேரி. அப்பா ரிச்சர்ட், மரச்சாமான் செய்யும் தச்சர். வீட்டில் ஏகப்பட்ட குழந்தைகள் பிறந்தாலும், வளர்ந்து ஆளானது மேரியும் அண்ணன் ஜோசப்பும் மட்டுமே. மேரி என்ற பெயரே, அதற்கு முன் தீ விபத்தில் இறந்துபோன அக்காவின் பெயர்தான்.

1800 ஆகஸ்ட் 19. பக்கத்து வீட்டுப் பெண்மணி ஒருவர் மேரியைத் தூக்கிக்கொண்டு குதிரை சாகச நிகழ்ச்சி பார்க்கப் போயிருந்தார். மழை பிடித்துக்கொண்டது. இரண்டு பெண்களோடு சேர்ந்து அவர் ஒரு மரத்தடியில் ஒதுங்கினார். மரத்தின் மேல் இடி விழுந்தது. மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். ஒன்றே கால் வயது மேரி மட்டும் பிழைத்துக்கொண்டார்.

ரிச்சர்டுக்கு இன்னொரு சின்ன வருமானமும் இருந்தது. கடற்கரைப் பாறைகளில் கிடைக்கும் விசித்திரமான கற்களைப் பொறுக்கி, ஊருக்கு வரும் சுற்றுலாப் பயணிகளிடம் விற்பார். பெரும்பாலும் அம்மோனைட்கள். சுருண்ட சங்கு மாதிரி இருக்கும் இவற்றை அந்த ஊர்க்காரர்கள் பாம்புக்கல் என்று அழைத்தார்கள். நம்ம வீட்டுப் பூஜையறையில் இருக்கும் சாளக்கிராமத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கண்டகி நதியில் இருந்து வரும் அந்தக் கல்லும் ஓர் அம்மோனைட் புதைபடிவம்தான்.

பிள்ளைகள் இரண்டு பேரையும் ரிச்சர்ட் கூடவே கூட்டிப்போனார். எந்தப் பாறையைத் தட்ட வேண்டும், எப்படிச் சுத்தம் செய்ய வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார். 1810-ல் அவர் இறந்தபோது குடும்பத்துக்கு மிஞ்சியது சுமார் 120 பவுண்ட் கடனும் இந்தத் தொழிலும்தான். ஊர்ச் சபை ஏழைகளுக்குக் கொடுக்கும் உதவியை வாங்கித்தான் அடுப்பு எரிந்தது.

12 வயதில் கிடைத்த 'முதலை'

அடுத்த வருஷமே, 1811-ல், பாறைச்சரிவில் ஜோசப் கண்ணில் ஒரு பெரிய மண்டை ஓடு பட்டது. நீளம் சுமார் 4 அடி. முதலை என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். மிச்ச உடம்பைத் தேடும் வேலை மேரியிடம் வந்தது. 1812-ல் அதை அவர் கண்டுபிடித்துவிட்டார். அப்போது வயது 12-13 இருக்கும். கூலிக்கு ஆள் வைத்து முழு எலும்புக்கூட்டையும் வெளியே எடுத்தார்கள்.

உள்ளூர் ஜமீன்தார் அதை 23 பவுண்டுக்கு வாங்கினார். பிறகு லண்டனில் ஒரு தனியார் அருங்காட்சியகத்துக்குப் போய்ச்சேர்ந்தது. பார்க்கக் கூட்டம் கூடியது. 1819-ல் ஏலத்துக்கு வந்தபோது பிரிட்டிஷ் மியூசியம் எடுத்துக்கொண்டது. அதன் விலை 45 பவுண்ட் 5 ஷில்லிங், அதாவது மேரி வீட்டுக்குக் கிடைத்ததைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு.

எவரார்ட் ஹோம் என்ற அறுவை சிகிச்சை நிபுணர் 1814-ல் இருந்து அந்த விலங்கைப் பற்றி வரிசையாகக் கட்டுரைகள் எழுதினார். மீனா, ஊர்வனவா என்று அவரே குழம்பித்தான் போனார். கண்டெடுத்த குடும்பத்தின் பெயரை மட்டும் அவர் எங்கேயும் எழுதவில்லை. கடைசியில் அந்த விலங்குக்கு இக்தியோசரஸ் என்று பெயர் வந்தது. மீன் பல்லி என்று பொருள்.

இந்த வேலை எவ்வளவு ஆபத்தானது?

லைம் ரீஜிஸ் பாறைகள் சுமார் 20 கோடி ஆண்டு பழமையானவை. சுண்ணாம்புக்கல் ஓர் அடுக்கு, களிப்பாறை ஓர் அடுக்கு என்று மாறி மாறி இருக்கும். ஒரு காலத்தில் அது கடலடிச் சேறு. செத்து விழுந்த விலங்குகள் அதில் புதைந்து கல்லாகிவிட்டன.

குளிர்காலப் புயலில் பாறை சரியும்போதுதான் புதிய எலும்புகள் வெளியே தெரியும். அடுத்த அலையேற்றம் அவற்றை அடித்துக்கொண்டு போவதற்குள் எடுத்தாக வேண்டும். அதாவது வேலைக்குச் சரியான நேரமும் உயிருக்கு ஆபத்தான நேரமும் ஒன்றுதான்.

1833-ல் மேரியின் கண் முன்னாலேயே ஒரு சரிவு நடந்தது. கூடவே சுற்றிக்கொண்டிருந்த டிரே என்ற நாய் மண்ணுக்குள் போய்விட்டது. மேரி நூலிழையில் தப்பினார். அதற்குப் பிறகும் வேலையை விடவில்லை. வேறு வருமானம் கிடையாது.

வருமானமும் நிலையாக இல்லை. ஒரு வருஷம் முழுக்க நல்ல எலும்பே கிடைக்காமல் போகலாம். அப்படி ஒரு கட்டத்தில், வாடகை கொடுக்க வீட்டு மேசை நாற்காலிகளை விற்கும் நிலைமைக்கு ஆனிங் குடும்பம் வந்துவிட்டது. இவர்களிடம் வழக்கமாக வாங்கும் தாமஸ் பர்ச் என்ற ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரிக்கு இது மனதை உறுத்தியது. 1820-ல் தன்னுடைய புதைபடிவங்களை ஏலம் விட்டு, கிடைத்த 400 பவுண்டை அவர்களுக்கே கொடுத்துவிட்டார்.

கையால் எழுதிய ஆராய்ச்சிக் கட்டுரைகள்

மேரி எழுதப் படிக்கக் கற்றது தேவாலயத்தின் ஞாயிறு பள்ளியில். மற்றதெல்லாம் சுயமாகக் கற்றதுதான். விஞ்ஞானக் கட்டுரை எது கையில் கிடைத்தாலும், படங்கள் உட்பட அப்படியே நகல் எழுதி வைத்துக்கொள்வார். மீன், கணவாய் போன்றவற்றை அறுத்துப் பார்த்து, எந்த எலும்பு எங்கே வரும் என்று புரிந்துகொண்டார். லண்டனில் இருந்து வரும் பேராசிரியர்கள் அவரோடு சேர்ந்துதான் கடற்கரையில் நடந்தார்கள்.

பொருளை விற்பதோடு அவர் நிறுத்திக்கொள்ளவில்லை. இக்தியோசரஸ் எலும்புக்கூடுகளின் வயிற்றுப் பகுதியில் விசித்திரமான உருண்டைக் கற்கள் கிடைப்பதையும், உடைத்தால் உள்ளே மீன் எலும்பும் செதிலும் இருப்பதையும் கவனித்தார். அந்தக் கற்கள் வேறொன்றும் இல்லை, கல்லாகிப்போன சாணம் என்ற முடிவுக்கு ஆக்ஸ்ஃபோர்டு பேராசிரியர் வில்லியம் பக்லாண்ட் வருவதற்கு இந்தக் கவனிப்பு அடிப்படையாக இருந்தது. எந்த விலங்கு எதைத் தின்றது என்று சொல்லும் நேரடிச் சாட்சி அது.

1824: போலி என்று சந்தேகம்

1823 டிசம்பரில் அவருக்குக் கிடைத்ததுதான் மிகப் பெரிய விஷயம். முழுமையான முதல் பிளீசியோசரஸ். சின்னத் தலை, அகன்ற உடல், துடுப்பு மாதிரி நான்கு கால்கள். எல்லாவற்றையும் விட, நம்பவே முடியாத அளவுக்கு நீளமான கழுத்து.

அதுதான் பிரச்சினையும் ஆனது. பாரிஸில் இருந்த ஜார்ஜ் கூவியே அன்றைய உலகின் மிகப் பெரிய எலும்பு நிபுணர். வரைபடத்தைப் பார்த்ததும் அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. கழுத்தில் மட்டும் சுமார் 35 எலும்புகளா? அவருக்குத் தெரிந்த எந்த ஊர்வனவுக்கும் அப்படிக் கிடையாது. இரண்டு விலங்குகளின் எலும்புகளை ஒட்ட வைத்திருக்கலாம் என்று நினைத்தார்.

புதைபடிவம் விற்பவருக்கு நம்பிக்கைதான் முதல். போலி விற்றவர் என்று ஒரு முறை முத்திரை விழுந்தால், அதற்குப் பிறகு எந்த மியூசியமும் வாங்காது. மேரியின் குடும்பம் மறுபடியும் ஊர் உதவிக்குப் போய் நிற்க வேண்டியதுதான்.

1824 பிப்ரவரி 20-ம் தேதி லண்டன் புவியியல் கழகத்தில் கூட்டம் நடந்தது. வில்லியம் கோனிபியர் என்ற பாதிரியார்-விஞ்ஞானி பிளீசியோசரஸை விளக்கினார். எலும்புக்கூடு அசல்தான் என்று ஏற்கப்பட்டது. கூவியேவும் தன் சந்தேகம் தவறு என்று ஒப்புக்கொண்டார். மேரியின் பெயர் காப்பாற்றப்பட்டது. ஆனா அந்தக் கூட்டத்தில் அந்தப் பெயரை யாரும் சொல்லவில்லை. அவர் நேரில் வந்து சொல்லவும் வழியில்லை. கழகத்தில் பெண்களுக்கு இடம் கிடையாது.

அதே நாள், அதே கூட்டத்தில் பக்லாண்ட் இன்னொரு விலங்கை அறிவித்தார். மெகலோசரஸ். அறிவியல் முறைப்படி பெயர் வைக்கப்பட்ட முதல் டைனோசர் அதுதான். இவை எல்லாவற்றையும் சேர்த்துக் குறிக்கும் டைனோசர் என்ற சொல், ரிச்சர்ட் ஓவன் மூலம் 1842-ல்தான் வந்தது.

1828-ல் மேரி பறக்கும் ஊர்வன ஒன்றைக் கண்டெடுத்தார். ஜெர்மனிக்கு வெளியே இந்த வகை கிடைத்தது அதுவே முதல் தடவை. அதைத்தான் இன்று டைமார்ஃபோடான் என்கிறோம். பக்லாண்ட் இந்த முறை தன் கட்டுரையில் மேரியின் பெயரைக் குறிப்பிட்டார்.

மான்ஸ்டர் படம் பிறந்த கதை

இங்கேதான் நம்ம கேம் கதை தொடங்குகிறது.

மேரிக்கு ஹென்றி டி லா பெஷ் என்று ஒரு நண்பர். சின்ன வயதில் இருந்து கூடவே கற்கள் பொறுக்கியவர், பின்னாளில் பெரிய புவியியலாளர். 1830-ல் மேரி பணக் கஷ்டத்தில் இருப்பது தெரிந்து, அவர் ஒரு வாட்டர்கலர் ஓவியம் வரைந்தார். அதற்குப் பழைய டோர்செட் என்று பொருள்படும் லத்தீன் தலைப்பு. 'டூரியா ஆன்டிகுவியர்'.

அதுவரை அறிஞர்கள் பெரும்பாலும் எலும்புகளைத்தான் வரைந்தார்கள். டி லா பெஷ் அவற்றுக்கு உயிர் கொடுத்தார். நடுவில் ஒரு பெரிய இக்தியோசரஸ், பிளீசியோசரஸின் கழுத்தைக் கவ்விக் கடிக்கிறது. மேலே பறக்கும் ஊர்வன. சுற்றிலும் ஒன்றை ஒன்று தின்னும் விலங்குகள். மாட்டிக்கொண்ட பிளீசியோசரஸ் பயத்தில் சாணம் போடுவது வரை வரைந்துவிட்டார். மேரி கவனித்த அந்த உருண்டைக் கற்களுக்கான குறும்பு அது.

புதைபடிவங்களை வைத்து ஒரு முழுப் பழங்கால உலகத்தையே காட்டிய முதல் ஓவியமாக இதைத்தான் சொல்கிறார்கள். அதை அச்சடித்து, ஒரு பிரதி 2 பவுண்ட் 10 ஷில்லிங் என்று நண்பர்களிடம் விற்றார். பணம் மேரிக்குப் போனது. யோசித்துப் பாருங்க, பழங்கால விலங்குகள் மோதிக்கொள்ளும் அந்த முதல் காட்சியே ஒரு பெண்ணின் கஷ்டத்துக்குத் திரட்டிய நிதி.

காட்சி அதோடு நிற்கவில்லை. 1840-ல் தாமஸ் ஹாக்கின்ஸ் என்ற சேகரிப்பாளர் இந்த விலங்குகளைக் கடல் டிராகன்கள் என்றே அழைத்து ஒரு புத்தகம் போட்டார். முகப்பில் ஜான் மார்ட்டின் வரைந்த, இருட்டில் கடித்துக் குதறும் பூதங்களின் படம். ஹாக்கின்ஸ் பிரிட்டிஷ் மியூசியத்துக்கு விற்ற எலும்புக்கூடுகளில் பிளாஸ்டர் வைத்து நிரப்பியிருந்தது பின்னர் தெரியவந்தது. மேரி மீது எழுந்த அதே சந்தேகம், வசதியான மனிதர் விஷயத்தில் உண்மையாகவே இருந்தது.

1854-ல் லண்டன் கிரிஸ்டல் பேலஸ் பூங்காவில் இந்த விலங்குகளுக்கு ஆளுயரத்தை மிஞ்சும் சிலைகள் வைத்தார்கள். 1864-ல் வந்த ஜூல் வெர்னின் பூமியின் மையத்துக்குப் பயணம் போகும் நாவலில், இக்தியோசரஸும் பிளீசியோசரஸும் நிலத்தடிக் கடலில் சண்டை போட்டன. அங்கிருந்து சாகசக் கதைகள், சினிமா என்று அந்தச் சண்டை பயணம் போனது.

1974-ல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' விளையாட்டைக் கொண்டுவந்தார்கள். 1977-ல் வெளியான அதன் 'மான்ஸ்டர் மேனுவல்' புத்தகத்தில் டைனோசர் என்ற தலைப்பின் கீழே பெரிய பட்டியலே இருக்கிறது. அதில் மெகலோசரஸ் உண்டு, பிளீசியோசரஸும் உண்டு. 1824-ல் ஒரே கூட்டத்தில் அறிமுகமான இரண்டும் 153 வருஷம் கழித்து ஒரே மான்ஸ்டர் பட்டியலில்!

கேம் சொல்வது சரியா?

பாதி சரி, பாதி தப்பு.

தப்பு எதுன்னா, பிளீசியோசரஸ், இக்தியோசரஸ், டைமார்ஃபோடான் மூன்றுமே டைனோசர்கள் கிடையாது. முதல் இரண்டும் கடல் ஊர்வன, மூன்றாவது டெரோசர் எனும் பறக்கும் ஊர்வன. டைனோசர்கள் வேறு கிளை. 2014 புத்தகத்திலும் பிளீசியோசரஸ் டைனோசர் தலைப்பில்தான் வருகிறது.

சரி எதுன்னா, மூச்சு அடக்கும் அந்த விதி. பிளீசியோசரஸுக்குச் செவுள் கிடையாது. திமிங்கலம் மாதிரி மேலே வந்துதான் மூச்சு விட வேண்டும். ஒரு மணி நேரம் என்பது கேமின் கணக்கு. ஆனா அதற்குப் பின்னால் இருக்கும் உடற்கூறு, மேரி சுத்தம் செய்து கொடுத்த எலும்புகளில் இருந்து தொடங்கிய அறிவு.

இன்னொன்றும் கவனிக்கணும். பெரும்பாலான கேம்களில் இந்த விலங்குகளுக்கு ஒரே வேலை, கடிப்பது. இக்தியோசரஸ் குட்டி போடும் விலங்கு. வயிற்றுக்குள் குட்டியோடு புதைபடிவங்கள் கிடைத்திருக்கின்றன. 1830-ல் வரைந்த அந்தச் சண்டைக் காட்சியின் பிடி இன்னும் விடவில்லை.

கடைசி ஆண்டுகள்

1826-ல், 27 வயதில், மேரி சொந்தமாக ஒரு வீடு வாங்கி, முன்பக்கம் கண்ணாடி வைத்துக் கடை திறந்தார். சாக்சனி நாட்டு ராஜா 1844-ல் அந்தக் கடைக்கே வந்து இக்தியோசரஸ் வாங்கிப்போனார். சுவிட்சர்லாந்து விஞ்ஞானி லூயி அகாசி இரண்டு பழங்கால மீன்களுக்கு ஆனிங் என்று பெயர் வைத்தார். மேரி உயிரோடு இருந்தபோது அப்படிச் செய்தவர் அவர் ஒருவர்தான்.

1835-ல் சேமிப்பில் 300 பவுண்ட் போய்விட்டது. தவறான முதலீடு. பக்லாண்ட் முயற்சி எடுத்து, வருஷத்துக்கு 25 பவுண்ட் உதவித்தொகை கிடைக்க ஏற்பாடு செய்தார். கடைசிக் காலத்தில் மார்பகப் புற்றுநோய் வந்தது. 1847 மார்ச் 9-ம் தேதி, 47 வயதில் மேரி இறந்தார்.

அப்போது புவியியல் கழகத்தின் தலைவராக இருந்தவர் அதே டி லா பெஷ். உறுப்பினராகவே இல்லாத மேரிக்கு அவர் கழகத்தில் இரங்கல் உரை எழுதி வாசித்தார். ஒரு பெண்ணுக்கு அங்கே கிடைத்த முதல் இரங்கல் உரை அது. கழகத்துக்குள் முழு உறுப்பினராகப் பெண்கள் நுழைந்தது 1919-ல்தான்.

இப்போது பெயர் திரும்ப வந்துவிட்டதா?

கொஞ்சம் கொஞ்சமாக வருகிறது. கடற்கரையில் சிப்பி விற்கும் பெண்ணைப் பற்றிய பிரபல ஆங்கில நாக்குப்புரட்டு வரி மேரியைப் பற்றியதுதான் என்று இணையத்தில் அடிக்கடி படிப்போம். அதற்கு ஆதாரம் இல்லை. ஆதாரம் உள்ள விஷயங்களே போதுமான அளவு இருக்கின்றன.

2010-ல் பிரிட்டனின் ராயல் சொசைட்டி, அறிவியல் வரலாற்றில் அதிகத் தாக்கம் செலுத்திய 10 பிரிட்டிஷ் பெண்கள் பட்டியலில் அவரைச் சேர்த்தது. 2015-ல் ஓர் இக்தியோசரஸ் இனத்துக்கே அவர் பெயர் வைக்கப்பட்டது. 2020-ல் 'அம்மோனைட்' படத்தில் கேட் வின்ஸ்லெட் மேரியாக நடித்தார்.

லைம் ரீஜிஸில் அவருக்குச் சிலை இல்லையே என்று ஒரு பள்ளிச் சிறுமி தொடங்கிய இயக்கம் மக்களிடம் நிதி திரட்டியது. 2022 மே 21, மேரியின் பிறந்தநாளில், சிலை திறக்கப்பட்டது. கையில் சுத்தியல், பக்கத்தில் டிரே. வேலைக்குக் கிளம்பிவிட்ட நடையில் நிற்கிறார்.

அவர் தோண்டிய முதல் இக்தியோசரஸின் மண்டை ஓடு இன்றும் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 12 வயதுப் பெண் தேடிப்போன 'முதலை' அது.